கூடம் கோணல் என்றாளாம்

(புதுக்கோட்டையில் பழைய நாடக நண்பர்கள் நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியபோது இரண்டொரு இடத்தில் மட்டும் திருத்தினேன்.)

தலைமை ஏற்றிருக்கும், என்னையும் விழா நாயகரையும் வெவ்வேறு வருடங்களில் ஒரே பிரம்பால் அடித்த எங்கள் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் அரிசி ஆலை அதிபர் அவர்களே, இன்றைக்கு நாற்காலியும் டீயும் அவருடைய செலவு, பிறகு மறந்துவிடுவேன் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன், வாழ்த்துரை வழங்க வந்திருக்கும் வழக்கறிஞர் அவர்களே, வந்துகொண்டிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, கீரனூர் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது, வரவேற்புரை ஆற்றிய தங்கை அவர்களே, இவரைப் பற்றி அப்புறம் ஒரு கதை இருக்கிறது, பின்னால் நின்றுகொண்டே இருக்கும் ஆர்மோனியக் கலைஞர் ஐயா, நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள், விழா நாயகரின் வீட்டம்மா அவர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். அதில் மூன்று நிமிடம் இப்போதே போய்விட்டது. மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, விழா நாயகரான நம் நண்பர் செய்திருக்கும் ஓராள் நாடகம். இரண்டு, பத்திரிகையும் டிவியும் நாடகக்காரனை எப்படிப் பார்க்கின்றன என்பது. மூன்றாவது, ஒத்திகை பார்க்க இடம் வேண்டும் என்ற என் பழைய பல்லவி, அது உங்களுக்கே தெரியும். என்னைக் கூப்பிட்டால் நான் அதைத்தான் பேசுவேன் என்று தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

முதலில் நான் விழா நாயகரை டிவியில் பார்த்த கதை. சவரக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கன்னத்தில் சோப்பு. டிவி எனக்குப் பின்னால், சுவரில் உயரத்தில். எனக்குத் தெரிவது கண்ணாடியில் விழும் படம். கொடிக்கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் மாட்டி, வரிசையாகத் தாள்கள் தொங்குகின்றன. மஞ்சள், ரோஸ், பச்சை. நடுவில் ஒரு பெஞ்சு. அதன் மேல் ஏறி நின்று ஒருவர் பேசுகிறார். மூக்கு எங்கேயோ பார்த்த மூக்கு. கீழே ஓடும் எழுத்து கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவதால் பெயரைப் படிக்க முடியவில்லை. அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் ஊர் ஊராக எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்கே படிக்கத் தெரியவில்லை! கடைக்காரரிடம் நாற்காலியைத் திருப்பச் சொன்னேன். அவர் கத்தியை என் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், ஆடாதீங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் நம்ம கண்டக்டர்!

சந்தோஷமா என்றால் சந்தோஷம். கண் கலங்கியது, அதில் பாதி சோப்பு. ஆனால் மேடையில் ஏறிப் பொய் சொல்லக் கூடாது. வயிற்றில் ஒன்று சுருக்கென்றது. 1991-ல் இருவரும் ஒரே குழுவில்தான் நடித்தோம். எனக்கு வசனம் அதிகம். இவருக்குப் பிண வேஷம். முப்பது வருடம் கழித்து டிவியில் பிணம் பேசுகிறது, வசனக்காரன் சோப்போடு உட்கார்ந்திருக்கிறான்.

இந்தச் சுருக்கு நம் மண்ணுக்குப் புதிது இல்லை. நம்ம ஊர் பி.யு.சின்னப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் 'பி' புதுக்கோட்டைதான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் கம்பெனியில் அவர் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம். அதே கம்பெனியில் இருந்த சிறுவர்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். இருவருக்கும் சினிமா வாசல் திறந்தது 1936-ல், ஒருவருக்கு 'சந்திரகாந்தா', இன்னொருவருக்கு 'சதிலீலாவதி'. 1940-ல் 'உத்தமபுத்திர'னில் சின்னப்பா இரட்டை வேடம் போட்டு நாட்டையே கலக்கினார். எம்.ஜி.ஆர். சின்னச் சின்ன வேஷத்தில் காத்திருந்தார். கதாநாயகன் ஆனது 1947-ல், 'ராஜகுமாரி'யில். பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடத்தில் பழைய கம்பெனிக் கூட்டாளியின் போஸ்டரைத் தெருத் தெருவாகப் பார்த்திருப்பாரே, அப்போது என்ன நினைத்திருப்பார்? காக்கா ராதாகிருஷ்ணனும் சிவாஜியும் சிறு வயதுச் சிநேகிதர்கள், ஒன்றாக நாடகக் கம்பெனியில் கிடந்தவர்கள். 'மனோகரா'வில் இவர் மனோகரன், அவர் பைத்தியக்கார வசந்தன். 1992-ல் 'தேவர் மக'னில் அண்ணன் தம்பியாக வந்தார்கள். அந்த இரண்டு முகமும் ஒரே சட்டகத்தில் வரும்போது எனக்குக் கதை மறந்துவிடும்.

சரி, நண்பரின் நாடகத்துக்கு வருகிறேன்.

அறிவொளி முடிந்த பிறகு இவருக்கு பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தது. நாடகம் போயிற்று, பையும் விசிலும் வந்தன. ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நம்ம மாவட்டத்தில் பங்குனி, சித்திரை வந்தால் ஊருக்கு ஊர் திருவிழா. திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம். டீக்கடைப் பலகையில், பஸ் ஸ்டாப் தூணில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். மெல்லிசான கலர்த் தாள். மேலே அம்மன் படம். 'இரவு சரியாக 10 மணி அளவில்' என்று அச்சடித்திருப்பார்கள். சரியாக என்றால் அளவில் எதற்கு? அளவில் என்றால் சரியாக எதற்கு? அப்புறம் 'வள்ளி திருமணம்' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு சின்னப் படம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம், ஓர் ஊர். இவர் பஸ் நிற்கும் இரண்டு நிமிடத்தில் இறங்கி, கடைக்காரரிடம் உபரி நோட்டீஸ் ஒன்று கேட்டு வாங்கி, நான்காக மடித்து, டிக்கெட் கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். இப்படியே மூன்று டிரங்குப் பெட்டி சேர்ந்துவிட்டது. வீட்டம்மா இரண்டு தடவை பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், பாருங்கள், சிரிக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெட்டிகளைத் திறந்திருக்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த ஓராள் நாடகம். கயிற்றிலிருந்து ஒரு நோட்டீஸை எடுப்பார், பெயரைப் படிப்பார், அந்த ஆளாக மாறிவிடுவார். விடிய விடிய வாசித்துவிட்டு முதல் பஸ்ஸில் ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துத் தூங்கியவர். இவர் பாதிப் பேரை மேடையில் பார்த்ததைவிடத் தன் பஸ்ஸில்தான் அதிகம் பார்த்திருக்கிறார். முகத்தில் பவுடர் சரியாகப் போகாமல், காது ஓரத்தில் ரோஸ் நிறத்தோடு ஏறுவார்களாம். டிக்கெட் கேட்டால் பபூன் தூக்கத்திலேயே ஒரு ஜோக் சொல்வாராம்.

ஒரு காட்சி முடிந்து வயதான அம்மா ஒருவர் மேடைக்கே வந்துவிட்டார். கையை நீட்டி அந்த நோட்டீஸை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இனிஷியல் தப்பு. அச்சாபீஸ்காரன் எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் யார், நோட்டீஸில் இருந்தவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து இவர் திருத்திய இனிஷியலோடுதான் படிக்கிறார்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் இங்கே இருக்கும் இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 'ஸ்பெஷல்' என்றால் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக அமர்த்துவது. மதுரையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர், இங்கிருந்து ஒருவர். முன்னே பின்னே பார்த்திருக்கவே மாட்டார்கள். மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போது, "அண்ணே வணக்கம்" என்று அறிமுகமாகி, அரை மணி நேரத்தில் வேலனாகவும் வள்ளியாகவும் தர்க்கம் பண்ணுவார்கள். எல்லோருக்கும் பாடம் ஒன்றே, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துவிட்டுப் போனது. 1922-ல் அவர் மறைந்தார். நூறு வருடம் தாண்டியும் அவர் பாட்டை வைத்துத்தான் இரவு விடிகிறது.

இப்போது வழக்கறிஞர் ஐயா என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறார் என்று தெரியும். "ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாதே, நீ எப்படி உன் பல்லவிக்கு வருவாய்?" என்று கேட்கிறார். வருகிறேன் ஐயா. அதற்கு முன் அந்தக் கதை.

1991. நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் அம்மையார் கலெக்டர். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதையெல்லாம் நாடு முழுக்க எழுதிவிட்டார்கள். யாரும் எழுதாதது, எங்கள் கலைக்குழு எங்கே ஒத்திகை பார்த்தது என்பது. அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம். முதலில் ரேஷன் கடைத் திண்ணை. மூட்டை வந்ததும் விரட்டிவிட்டார்கள். அப்புறம் ஒருவர் மாட்டுக் கொட்டில். பறை அடித்ததும் பசு கறக்கவில்லை என்று புகார். கடைசியில் ஊரில் யாரும் ஆட்சேபிக்காத ஒரே கூரை கிடைத்தது. சுடுகாட்டுக் கொட்டகை.

நாடகம் என்ன? எழுத்துத் தெரியாத மனைவி, மருந்து பாட்டில் என்று நினைத்துப் பூச்சிமருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். புருஷன் செத்துப்போகிறான். அவள் ஒப்பாரி வைக்கிறாள். பிணமாகப் படுத்தவர் விழா நாயகர். ஒப்பாரி வைத்தவர் இதோ வரவேற்புரை ஆற்றினாரே, இந்தத் தங்கை. அப்போது பிளஸ் டூ முடித்த பெண். துணைக்கு வந்த அவர் அப்பா சுடுகாட்டுக்குள் வர மனமில்லாமல் வேலி ஓரம் பீடி குடித்துக்கொண்டு நின்றார்.

இரவு எட்டரை மணி. ஒரு அரிக்கேன் விளக்கு. தங்கை எடுத்தார் பாருங்கள் ஒப்பாரி! அந்த நேரம் ரோட்டில் டிவிஎஸ் 50-ல் போன ஒருவர் காதில் அது விழுந்திருக்கிறது. சுடுகாட்டில் வெளிச்சம், அழுகைச் சத்தம், வேலி ஓரம் துக்க முகத்தோடு ஒருவர். நேரே ஊருக்குள் போய், "யாரோ போயிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டார். யாரோ என்றால் ஊர் சும்மா இருக்குமா? இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த அவர் மகளுக்கு ஆள் போய்விட்டது. மகள் மாரில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், அப்பா திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இல்லைன்னா அப்ப யாரு? எனக்குத் தெரியாம எவன் செத்தான்?" இரண்டு வாரமாக எழுந்து நடக்காத மனுஷன், பேரனின் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் ஒரு மாலை. அவர் பெண்டாட்டி அப்பத்தா பின்னாலேயே நடை. அப்பத்தா பின்னால் தெருவே நடை.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. கண்ணை மூடி உருக்கமாக வசனம் பேசிக்கொண்டிருக்கிறேன். திறந்து பார்த்தால் கொட்டகை முழுக்க ஜனம். பெரியவர் விடுவிடுவென்று வந்தார், பிணத்தின் கழுத்தில் மாலையைப் போட்டார். செவ்வந்தி மாலை. ஏற்கனவே அரைமணி நேரமாகக் கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தவன்... கிடந்தவர், மன்னிக்கணும், பழைய பழக்கம். செவ்வந்தி வாசனை மூக்கில் ஏறியதும் போட்டார் ஒரு தும்மல். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தெரு முழுக்க ஓடிவிட்டது. வேலி ஓரம் நின்ற தங்கையின் அப்பா எல்லோருக்கும் முன்னால் ஓடினார். பெரியவர் மட்டும் நகரவில்லை. "ஒத்தைத் தும்மல். சகுனம் சரியில்லை, படுத்துக்க" என்றார்.

விஷயத்தை விளக்கிச் சொன்னோம். அப்பத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இவரைக் கேட்டார்: "ஏன்டா, கொஞ்ச நேரம் செத்துக் கெடக்க முடியாதா ஒனக்கு?" இவர், "இந்த எடத்துல கொசு ஜாஸ்தி அப்பத்தா" என்றார். அப்பத்தா சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

அதோடு விட்டாரா? தங்கையைப் பார்த்து, "நீ அழுகுறியா பாட்டுப் பாடுறியா? ஒப்பாரிக்கு மூச்சு முதல்ல வெளிய போகணும், வார்த்தை பின்னால வரணும்" என்று சொல்லி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, செய்தே காட்டினார். எதிரே மாலையோடு உட்கார்ந்திருந்த பிணம் அழுதுவிட்டது. பத்து மணி வரை எங்களுக்கு அப்பத்தாதான் டைரக்டர். பெரியவர் மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார், "வச்சிருந்தா ஒதவும்" என்று.

(இங்கே மாமன்ற உறுப்பினர் வந்தார். ஐந்து நிமிடம் பேச்சு நின்றது.)

வாங்க ஐயா, வாங்க. முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம். தலைவர் ஐயா கையால் அவருக்கு ஒரு பொன்னாடை. வழக்கறிஞர் ஐயா கையால் இன்னொன்று. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று நான் இருபது வருடமாகச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள். ஐயா சரியான நேரத்துக்கு வந்திருக்கிறார். இனி நான் பேசப்போவது அவர் காதில்தான் விழ வேண்டும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்பத்தா சொன்னது சரி. ஆனால் ஒன்று கவனியுங்கள். கூடம் கோணல் என்று சொல்லவாவது அவளுக்கு ஒரு கூடம் இருந்தது! ஆடத் தெரியாதவளுக்கே கூடம் இருந்திருக்கிறது. ஆடத் தெரிந்த எங்களுக்குச் சுடுகாடுதான் கிடைத்தது.

வழக்கறிஞர் ஐயா கேள்விக்கு வருகிறேன். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது, வாஸ்தவம். ஏன் தேவைப்படவில்லை? அந்தப் பாடத்தைச் சிறு வயதிலேயே ஊட்டி வளர்த்த பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கினாரே, அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் ஒத்திகையும் ஒரே கூரையின் கீழ். டி.கே.எஸ். சகோதரர்கள் அப்படி வளர்ந்தவர்கள்தான். கூரை போனது, கம்பெனி போனது. மிச்சமிருக்கும் கலைஞர்கள் மேடையிலேயே பழகிக்கொள்கிறார்கள். இன்றைக்குப் புதிதாக நாடகம் போட வரும் பிள்ளை எங்கே பழகுவான்?

நாடகம் போட மேடை இல்லை என்று நான் சொல்லவில்லை. மேடை இருக்கிறது. ஒருநாள் வாடகையைக் கையைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். ஆனால் ஒருநாள் நாடகத்துக்கு நாற்பது நாள் ஒத்திகை. நாற்பது நாள் வாடகை யார் கட்டுவது? டிவியில் இவரிடம், "எங்கே ஒத்திகை பார்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். "வீட்டு மொட்டை மாடியில்" என்றார். அவர்கள் அதை ரொம்ப அழகு என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான் அந்த மாடியைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் தண்ணீர் டேங்க், ஒரு பக்கம் வடகம் காயும். பதினோரு மணி வெயிலில் வடகத்தை மிதிக்காமல் ஆடியிருக்கிறார். இதில் அழகு எங்கே வந்தது?

நான் புதுக் கட்டடம் கேட்கவில்லை. சமுதாயக் கூடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. முகூர்த்த நாளில் கல்யாணம் நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது. ஆடி மாதம் முழுக்க முகூர்த்தம் இல்லை. மார்கழி முழுக்க முகூர்த்தம் இல்லை. வருடத்தில் இரண்டு மாதம் பூட்டுத்தான் தொங்குகிறது. அந்த இரண்டு மாதம், இரவு ஏழு முதல் பத்து வரை, கரண்ட் காசு மட்டும் வாங்கிக்கொண்டு நாடகக்காரனுக்குத் திறந்துவிடுங்கள். ஆடியில் ஆடக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஓர் அலுவலகத்தில் இதைக் கேட்டேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பப் படிவத்தைக் காட்டினார்கள். திருமணம், நிச்சயதார்த்தம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு. ஒத்திகை என்று ஒன்று இல்லையாம். "காதுகுத்து என்றே போடுங்கள்" என்றேன். "யாருக்கு?" என்றார். என்னைக் காட்டினேன். தாய்மாமன் கையெழுத்து வேண்டுமாம்.

சிரிக்காதீர்கள். கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை வாழ்ந்த ஊர் இது. சின்னப்பா நடந்த தெரு இது. இந்த மண்ணில் யாருக்காவது ஆடத் தெரியாதா? கூடம்தான் கோணல். இல்லை, கோணல்கூட இல்லை, பூட்டு!

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 'இன்னும் இரண்டு நிமிடம்.' இரண்டாவது விஷயத்தை விட்டுவிட்டேனே. பத்திரிகை, டிவி. ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு தலைப்பில், 'ஓய்வுக்குப் பின் நடிகரான கண்டக்டர்' என்று போட்டிருந்தார்கள். ஓய்வுக்குப் பின்னாம்! சுடுகாட்டில் மாலை வாங்கிய மனுஷன். அப்புறம், பேட்டி எடுத்த எல்லோரும் கடைசியில் கேட்ட கேள்வி, "சினிமா வாய்ப்பு வந்ததா?" ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு விரிவாகப் பேசக் குறிப்பு வைத்திருக்கிறேன், இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். நல்லதும் இருக்கிறது. அந்த டிவி வராவிட்டால் நாம் இன்று கூடியிருக்க மாட்டோம். நானே இவரை எட்டு வருடம் போய்ப் பார்க்கவில்லை, அதே ஊரில் இருந்துகொண்டு.

கண்டக்டரே, சுருக்கென்றது என்று சொன்னேன் இல்லையா? அது உங்கள் நாடகத்தை நேரில் பார்த்த அன்று போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, முக்கால்வாசி. அந்தப் பெஞ்சில் உட்கார ஓர் ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். வசனம்கூட வேண்டாம், பிண வேஷம் போதும். கொசுக்கடியில் அசையாமல் இருப்பேன்.

வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கிறது. மாமன்ற உறுப்பினர் ஐயாவிடம் இன்றே கொடுக்க ஒரு மனு வைத்திருக்கிறோம். டீ குடிக்கப் போகும்போது எல்லோரும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு பேனா போய்விட்டது. ஆர்மோனிய ஐயா, நீங்கள்தான் முதல் கையெழுத்து. இனிஷியலைச் சரியாகப் போடுங்கள். நன்றி, வணக்கம்.